குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அமெரிக்க விசா: ஏஜென்ட் பேச்சை நம்பாதீர்கள்

எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் பாஸ்போர்ட் அமெரிக்க விசாவுடன் கைக்கு வந்துவிட்டது. நிம்மதிதான். ஆனால் எங்களுக்கு "உதவிய" ஏஜென்ட் மீதான கோபம் இன்னும் ஆறவில்லை. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரை உடன் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணவருக்கு எல்-1 விசாவில், அதாவது நிறுவனமே தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் விசாவில், நியூஜெர்சியில் வேலை. எனக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்கான எல்-2. எங்கள் விசாக்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. மகன் பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் விஷயத்தில்தான் தலைவலி ஆரம்பித்தது.

"வேலைக்கு வருகிறார் என்று சொன்னால் கிடைக்காது. உங்கள் சின்னம்மா, சுற்றிப் பார்க்க வருகிறார் என்று போட்டுவிடுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் ஏஜென்ட். எனக்குப் பதறிவிட்டது. விசாவுக்காகப் பொய் சொன்னது தெரியவந்தால் அமெரிக்கச் சட்டப்படி அவருக்கு வாழ்நாள் முழுவதும் தடை விழலாம். மாட்டுவது ஏஜென்ட் அல்ல, நாங்களும் அல்ல, அக்கா. அதுவும் எந்த அவசியமும் இல்லாமல். எல்-1, எச்-1பி போன்ற தற்காலிக விசாக்களில் செல்பவர்கள் வீட்டுப் பணியாளரை அழைத்துச் செல்லவே, வணிகப் பயணிகளுக்கான பி-1 விசாவில் நேர்மையான வழி இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது. அவர்கள் இதில் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

அடுத்து, ஏஜென்ட் தயாரித்துக் கொடுத்த பணி ஒப்பந்தம். வேறு ஏதோ நாட்டுக்கு ஆள் அனுப்பும்போது பயன்படுத்திய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். மாதச் சம்பளம் ரூபாயில். வேலை நேரம் என்று ஒன்றுமே இல்லை. நான்காவது பத்தியில், "பணியாளரின் பாஸ்போர்ட் முதலாளியின் பொறுப்பில் இருக்கும்" என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. பணியாளரின் பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்த விசாவின் அடிப்படை நிபந்தனைகளில் ஒன்று. அந்தக் காகிதத்தோடு அக்காவை நேர்காணலுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஒப்பந்தத்தை நாங்களே முதலிலிருந்து எழுதினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குறைந்தபட்சக் கூலி, அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் கூலி, இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நியூஜெர்சியில் 2025இல் அது பொதுவாக 15.49 டாலர், ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறது. நிலவும் கூலியை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் பகுதிவாரியாகப் பார்க்கலாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், வேறு யாரிடமும் வேலை செய்ய மாட்டார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரிய தொகைதான். அதைக் கொடுக்க முடியாதவர்கள் அழைத்துப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலப் பிரதியோடு தமிழ்ப் பிரதியும் தயாரித்து, ஒவ்வொரு வரியாக அக்காவுக்குப் படித்துக் காட்டினோம். பாதியில் நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு உண்டா அம்மா? இதில் போடவில்லையே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உடனே அதையும் சேர்த்தோம். படித்துக் காட்டுவதைச் சடங்காக நினைக்காதீர்கள்.

பிறகு வங்கி. கணவர் அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு முன்பே குறைந்தது ஓராண்டாக அக்கா எங்களிடம் வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டியிருந்தது. சம்பளத்தை எப்போதும் அவர் வங்கிக் கணக்கில்தான் போட்டுவந்தோம். முத்திரை வைத்த கணக்கு அறிக்கை கேட்டால், கவுண்டரில் இருந்தவர் ஏறெடுத்தும் பார்க்காமல், "கையெழுத்து பொருந்தவில்லை" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். கணக்கு தொடங்கியபோது அக்கா கைநாட்டு வைத்தவர். பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அதை விளக்கியும் அவர் காதில் வாங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினோம். மறுமுறை நேராக மேலாளரிடம் போனோம். புகைப்படத்துடன் ஒரே ஒரு விண்ணப்பம்தான். கையெழுத்து மாறியது, அறிக்கையும் வந்தது. இதைச் சொல்ல அந்த முதல் ஆளுக்கு வாய் வரவில்லை! உங்கள் வீட்டுப் பணியாளரின் வங்கிக் கையெழுத்தை இப்போதே சரிபாருங்கள். சம்பளத்தை ரொக்கமாகத் தருபவர்கள் இந்த மாதமே வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

ஏஜென்ட் கைவைத்த இன்னொரு இடம் டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவம். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஏஜென்ட் அங்கே அவருடைய அப்பா பெயரைப் போட்டுவிட்டார். கைரேகை பதியப் போன இடத்தில் பெயர் பொருந்தவில்லை என்று தெரிந்து அந்த நாளே வீணானது. ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகவும், இயற்பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, இயற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றும் நிரப்ப வேண்டும். புதுப் படிவம் போட்டால் அதன் பார்கோடு எண்ணை நேர்காணல் முன்பதிவிலும் மாற்ற மறக்காதீர்கள். கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது.

நேர்காணலுக்கு நாங்கள் உள்ளே போக முடியாது. அக்கா தனியாகப் போனார். தமிழிலேயே கேட்டார்களாம்: மணிக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் வேலை, எப்போது திரும்புவீர்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும். "என்னிடம்தான். யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன்" என்று வெளியே வந்து சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெம்பு எனக்கு விசாவைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வெளிநாட்டுப் பணியாளர்களின் உரிமைகளைச் சொல்லும் சிற்றேட்டையும் கொடுத்திருந்தார்கள். விமானத்தில் அது அவர் கைப்பையில்தான் இருக்கும், எங்கள் பெட்டியில் அல்ல.

விசா கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அங்கே இறங்கியதும் ஐ-765 படிவத்தில் பணி அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அட்டை கைக்கு வந்த பிறகே அக்கா வேலையைத் தொடங்கலாம். அதுவரை பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.