முதல் சில மணி நேரம்

2021 டிசம்பர் 8 அன்று, குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தது. "சதி", "வெளிநாட்டுக் கைவரிசை" என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட்டார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து, விமானிக்குத் திசை தடுமாறியதே காரணம், சதி ஏதுமில்லை என்று விசாரணைக் குழு சொன்னபோது 2022 ஜனவரி பாதி ஓடியிருந்தது. அந்தச் செய்தியை யார் பார்வேர்ட் செய்தார்கள்?

நாளைக்கு நீலகிரியில் நிஜமாகவே ஒரு தாக்குதல் நடந்தாலும் இதே கதைதான். நேரலையால் என்ன கெடும் என்பதற்கு 2008 நவம்பர் மும்பை போதும். ஓட்டல்களுக்கு வெளியே கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை டிவியில் பார்த்தபடியே, பாகிஸ்தானில் இருந்தவர்கள் உள்ளே இருந்த கொலையாளிகளுக்கு போனில் வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். 2012-ல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. பாதுகாப்புப் படையின் நடவடிக்கை முடியும்வரை நேரலை கூடாது, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டுமே ஒளிபரப்பலாம் என்று 2015-ல் கேபிள் டிவி விதியே வந்தது. நல்ல விதிதான். ஆனால் லாட்ஜ் மாடியில் போனோடு நிற்பவரை அது கட்டுப்படுத்தாது. அவர் தாமாகத்தான் கட்டுப்பட வேண்டும்.

வீடியோ எடுத்துவிட்டால் அழிக்கவும் வேண்டாம், குரூப்பில் போடவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் போய்விடும். புலனாய்வுக்குத் தேவைப்படுவதே அவைதான். போனில் இருக்கும் மூலக் கோப்பை அப்படியே போலீசிடம் காட்டுங்கள்.

டாக்சி ஸ்டாண்ட், லாட்ஜ், எஸ்டேட் குரூப் அட்மின்கள் முதலில் செட்டிங்கில் போய், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு செய்தி: என்ன நடந்தது, எந்த ரோடு மூடல், யார் சொன்னது, அவசர எண் 112. மேலே நேரம் கட்டாயம் வேண்டும், "பிற்பகல் 2.10 நிலவரம்" என்பதுபோல. நேரம் போடாத செய்தி மறுநாளும் சுற்றும். மூடிய ரோடு திறந்த பிறகும் வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றும். மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் வேடிக்கை பார்க்க இருபது கார் நின்றால் 108 ஆம்புலன்ஸ் நகராது. கூட்டம் கூடும் இடத்தைக் குறிவைத்து இரண்டாவது குண்டு வைப்பதும் பழைய தந்திரம்தான்.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது வேறு. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, உறையத் தொடங்கியது கலைந்துவிடும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று. கை காலில் பீய்ச்சியடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி போகும்வரை அவிழ்க்க வேண்டாம். மலையில் ஆஸ்பத்திரி தூரம் என்பதால் இது இரண்டு மடங்கு முக்கியம்.

பத்திரிகைகளுக்கு ஒன்று. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் பெயரைச் சொல்லவே மாட்டேன் என்றார் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். கொலையாளி விரும்பியது பிரபலம். அவன் நேரலையாக விட்ட வீடியோவின் பிரதிகளை முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் முறை நீக்க வேண்டியிருந்தது என்று ஃபேஸ்புக்கே சொன்னது. நம் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் கொலையாளியின் முகத்தைப் போட்டு, இறந்தவர்களை ஏழாம் பக்கத்துக்குத் தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு ஆபத்து, சந்தேகம் யார் தலையில் விழுகிறது என்பது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்கண்ட், அசாம் தொழிலாளர்கள் நிறைய. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி எத்தனை பேர் மிரண்டார்கள் என்று பார்த்தோம். அட்மின் போடும் அதே செய்தியை இந்தி தெரிந்த மேஸ்திரி குரல்பதிவாக லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) இருப்பவர்களுக்கும் அனுப்பிவிட வேண்டும். எழுத்தாக அனுப்பினால் பலர் படிக்க மாட்டார்கள்.