ஏலரான் குன்றின் மேல் நிற்கும் மழைக்காரர்

ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே டார்வின் நோக்கிச் சுமார் 130 கிலோமீட்டர் போனால் ஏலரான். மிகச் சிறிய இடம். குன்றின் மேல் ஈட்டியோடு நிற்கும் அன்மட்ஜிரா மனிதரின் சிலையை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். உயரம் 17 மீட்டர், எடை 8 டன். சிற்பி மார்க் ஈகன் செய்து 2005-இல் நிறுவிய சிலை. 2008-இல் குன்றின் கீழே ஒரு பெண்ணும் குழந்தையும் சிலைகளாகச் சேர்ந்தார்கள்.

அன்மட்ஜிரா இந்த மண்ணின் பூர்வகுடிகள். சிலையில் இருப்பவர் சார்லி குவார்ட்பாட், இப்பகுதியில் மழையை வரவழைப்பவராக அறியப்பட்டவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆண்டுக்குச் சராசரியாக 280 மில்லிமீட்டர்தான் மழை; அதுவும் சில ஆண்டுகளில் பொய்த்துவிடும். வானம் பார்த்த பூமியில் மழைக்காரரை இவ்வளவு உயரத்தில் நிறுத்தியது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. அதனால்தான் காரிலிருந்தபடியே ஒரு படம் எடுத்துவிட்டுப் போகாதீர்கள் என்கிறேன்.

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். உச்சி வெயில் நேராகத் தலைமேல் விழுவதால் சிலையின் முகமும் படத்தில் இருண்டுவிடும். காலையில் கிளம்புங்கள். போக வர 260 கிலோமீட்டர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஏலரானின் சாலையோரக் கடை திறந்திருக்குமா என்று முன்னதாகவே போனில் கேட்டுவிடுவது நல்லது, வழியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஈ மொய்க்காமல் இருக்க வலைத்தொப்பி, குன்றுப் பக்கம் நடக்க மூடிய காலணி.

வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் என்றாலும் எதிரே ரோடு ட்ரெயின் வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்கி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடியுங்கள். 53.5 மீட்டர் வரை நீளும் லாரித் தொடர் அது. கடக்கும்போது காற்று காரை உலுக்கும். முந்துவதென்றால் குறைந்தது 1 கிலோமீட்டராவது சாலை வெறிச்சோடித் தெரிய வேண்டும். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அந்தி சாய்ந்ததும் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது.

சிலையை எவ்வளவு வேண்டுமானாலும் படமெடுக்கலாம். அங்குள்ள மனிதர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டுத்தான். பூர்வகுடி ஓவியம் வாங்கினால் வரைந்தவர் பெயர், அவருடைய சமூகம், ஓவியத்தின் கதை எழுதிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத ஓவியத்தை வாங்க வேண்டாம்.