பன்னிரண்டு பேரை வைத்து ஒரு ஊரையே முறைக்கவைப்பது

வெளியூரிலிருந்து நாலு பேர் ஒரு சின்ன ஊருக்குள் வருகிறார்கள். அந்த ஊருக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. கையில் காசில்லாமல் பேய்ப்படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இதைவிட வாகான கதை கிடையாது. பேய்க்கு மேக்கப் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். ஊர்தான் பேய். ஆனாலும் இந்த வகைப் படங்களில் பல, முதல் பத்து நிமிடத்திலேயே படுத்துவிடுகின்றன. ஊர்க்காரர்கள் எல்லோரும் முதல் ஷாட்டிலேயே முறைக்க ஆரம்பித்துவிடுவதுதான் காரணம். முறைக்கிற ஊரில் எவன் ராத்தங்குவான்? பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டால் அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை பிணத்தைப் போட்டாலும் பயம் வராது.

அதனால் திரைக்கதையில் முதலில் கட்ட வேண்டியது, அவர்கள் ஏன் கிளம்பவில்லை என்பதைத்தான். கார் ரிப்பேர் ஆவதும் போனில் சிக்னல் போவதும் தேய்ந்துபோன சங்கதிகள். வந்தவர்களுக்கு அந்த ஊரில் ஒரு காரியம் இருக்கட்டும். செத்துப்போன பெரியப்பாவின் வீட்டை விற்கக் கையெழுத்து வாங்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் நாளை வருவார் என்கிறார்கள். மறுநாள் வருகிறார், ஒரு காகிதம் குறைகிறது. அலுப்பான இந்த இழுத்தடிப்பு எல்லோருக்கும் பழக்கமானது. யாரும் இதைச் சதி என்று நினைக்க மாட்டார்கள். போன் வேலை செய்யட்டும். கூப்பிட்டால் போலீஸ்கூட வரட்டும். வருகிறவர் இறங்கியதும் கடைக்காரரிடம் 'மாமா, எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் போதும், சிக்னல் இல்லாத பத்து காட்சிக்குச் சமம்.

ஊரின் தரப்பைத் தனியாக ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதை மறைக்கிறார்கள், எத்தனை வருடமாக, அதனால் ஊருக்கு என்ன லாபம், உள்ளுக்குள் அதை ஒப்புக்கொள்ளாத ஆள் யார். இந்தப் பக்கம் படத்தில் வரவே வேண்டாம். ஆனால் அது இல்லாமல் நடிக்க வருகிறவர்களுக்கு 'கெட்டவன்' என்ற ஒரே குறிப்புதான் மிஞ்சும். ஊரைப் பொறுத்தவரை அவர்கள் செய்வது நியாயம். அதை நம்பி நடிக்கும் கிழவி, கத்தி பிடித்த பத்து பேரைவிடப் பயங்கரமானவள்.

வெறுப்பைக் காட்ட வேண்டிய இடம் முகமல்ல, நேரம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே வழக்கமாக விழும் இடைவெளியைவிட ஒரு விநாடி கூடுதலாக விடுங்கள். ஒரு கடைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். வெளியூர்ப் பெண் டார்ச்சுக்கு பேட்டரி கேட்கிறாள். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். நிறுத்தவில்லை, எண்ணி முடிக்கிறார். பிறகு பேட்டரியை எடுத்து வைக்கிறார், சரியான விலை சொல்கிறார், மரியாதையாகவே பேசுகிறார். அவள் கொடுத்த நோட்டைக் கல்லாவில் போடாமல் தனியாக ஒரு டப்பாவுக்கு அடியில் வைக்கிறார். அவ்வளவுதான் காட்சி. இதை எடுக்க ஐந்து ஷாட் போதும்: இருவரையும் பக்கவாட்டில் தூரத்திலிருந்து காட்டும் வைட், அவள் பக்கம் ஒரு சஜஷன் (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவர் முகத்தைக் காட்டுவது), அவர் பக்கம் ஒன்று, எண்ணும் விரல்கள், கடைசியாக அந்த டப்பா. வைட் ஷாட்டில் எண்ணி முடிக்கும்வரை வெட்டாமல் ஓடவிட வேண்டும். எடிட்டில் 'லேக் அடிக்குது' என்று யாராவது அதைக் கத்தரித்தால் காட்சியே போச்சு.

இதே கடையில் ஃபிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். டப்பிங் இல்லாமல் அங்கேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் என்றால் அதை அணைத்தே ஆக வேண்டும். அணைத்தால் திரும்பப் போட மறந்துவிடுவார்கள், கடைக்காரரின் சரக்கெல்லாம் கெட்டுவிடும். அதற்கு சவுண்ட்காரர்களின் பழைய உத்தி: யூனிட் வண்டிச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள்ளேயே போட்டுவிடுவது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் வண்டி கிளம்பாது. அப்புறம் அந்த உறுமலை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். மிக்ஸிங்கில் காட்சி முழுக்க மெல்லியதாக ஓடவிட்டு, அவள் வெளியூர் என்பது தெரியும் கணத்தில் அதைச் சட்டென்று நிறுத்தினால், திகில் இசை போட வேண்டிய தேவையே இருக்காது.

இனி தலைப்பில் சொன்ன பன்னிரண்டு பேர். துணை நடிகர்கள் கூட்டத்துக்குப் பணமில்லை என்பது இந்த வகைப் படத்துக்கு நல்லதுதான். சின்ன ஊரில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதல் காட்சியில் சைக்கிளில் போனவர், மூன்றாவது காட்சியில் எதிர்வீட்டுத் திண்ணையில், ஏழாவதில் ஜன்னலுக்கு வெளியே. வசனமே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி ஒரு பொருள் கொடுங்கள்: குடை, தொப்பி, நொண்டும் நடை. ஒரு ஃபிரேமில் ஏழு பேருக்கு மேல் நிறுத்தாதீர்கள். மீதிப் பேர் ஃபிரேமுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று பார்க்கிறவர் நம்பட்டும். 85 மில்லிமீட்டர் லென்ஸோடு தூரமாகப் போய், ஏழு பேரை முன்னும் பின்னுமாகப் பதினைந்து மீட்டருக்குள் நிறுத்தினால் நெருக்கமான கூட்டம் போல் தெரியும். அதே ஏழு பேரை 24 மில்லிமீட்டரில் எடுத்தால் காலி மைதானம்தான்.

கூட்டத்தின் மீதியைச் சத்தம் கொண்டுவரும். பன்னிரண்டு பேரையும் ஒன்றாக முணுமுணுக்கச் சொல்லி நாலு தடவை பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்கள் இடம் மாறி நிற்க, மைக்கின் தூரத்தையும் மாற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாற்பத்தெட்டு பேர். ஒரே பதிவை நாலு முறை ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும்.

பார்வைக்கு 'கோபமாப் பாரு' என்று சொன்னால் புருவம் சுருங்கும், நாடகமாகிவிடும். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். 'அவன் சட்டையில எத்தனை பட்டன் இருக்குன்னு எண்ணு' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் உணர்ச்சியே இருக்காது, கண் மட்டும் விலகாது. வந்தவரின் பார்வையிலிருந்து எடுக்கும் ஷாட்களில் லென்ஸுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நேராக லென்ஸுக்குள் பார்ப்பதைப் படம் முழுக்க ஒரே ஒரு தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காட்சிகள்தான் சின்ன பட்ஜெட்டை விழுங்கும். நடு ராத்திரியில் ஒரு தெருவை வெளிச்சமாக்கும் செலவுக்குப் பதில், சூரியன் மறைந்தபின் வரும் இருபது நிமிடத்தைப் பிடியுங்கள். அதற்குள் இரண்டு ஷாட்தான் கிடைக்கும். அன்று மத்தியானமே ஒத்திகை, ஃபோகஸ் குறி எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வானம் நீலமாகவும் வீட்டு பல்புகள் மஞ்சளாகவும் விழும். ஊர் உயிரோடிருப்பது போலவும் நம்மை உள்ளே விடாதது போலவும் ஒரே சமயத்தில் தோன்றும். மற்ற இரவுகளுக்கு, இரண்டாம் மாடி உயரத்திலிருந்து ஒரே ஒரு எல்இடி, தெரு முனையிலிருந்து கேமராவை நோக்கி. தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் கறுத்த ரோடு அந்த ஒரே லைட்டைத் திருப்பிக் காட்டும். காய்ந்த ரோடு வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஒரு சீனின் நடுவில் தெரு காய்ந்துபோனால் ஷாட்டுக்கு ஷாட் ஒட்டாது என்பதால், ஒரு ஆள் தெளிப்பதற்கென்றே இருக்க வேண்டும்.

தெருவிளக்கு, டியூப்லைட் உள்ள இடங்களில் ஷட்டரைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் வெளிச்சம் வாங்குகிறது என்பதை டிகிரியில் சொல்லும் கணக்கு அது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 172.8 டிகிரி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 144. இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக வெளிச்சம் ஓடும், அதை டிஐயில் (எடுத்த படத்தின் கலரையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கட்டத்தில்) சுத்தமாக எடுக்க முடியாது. கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்பதைச் சொல்லும் ஐஎஸ்ஓ எண்ணை இஷ்டத்துக்கு ஏற்ற வேண்டாம். இரட்டை நேட்டிவ் ஐஎஸ்ஓ, அதாவது படம் சுத்தமாக விழும் இரண்டு எண்கள் உள்ள கேமராவில், அவற்றில் பெரிய எண்ணில் வையுங்கள். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே என்றால் 3200, சோனி எஃப்எக்ஸ்3 என்றால் எஸ்லாக்3 என்ற பதிவு முறையில் 12800. இருட்டு வேண்டுமென்று இருட்டாகவே எடுத்துவிட்டுப் பிறகு தூக்கினால் நிழலெல்லாம் மணல் மணலாகக் கொதிக்கும். கொஞ்சம் வெளிச்சமாக எடுத்து டிஐயில் இறக்குவதுதான் சரி. ஒவ்வொரு இரவு ஃபிரேமிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி இருக்கட்டும், தூரத்து ஜன்னல் ஒன்றானாலும் போதும். அதை அளவாக வைத்துத்தான் கண் மற்றதை இருட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

ரத்தம் பற்றிச் சுருக்கமாக. இரண்டு கப் கார்ன் சிரப், இல்லையென்றால் பேக்கரிக்காரர்கள் வாங்கும் லிக்விட் குளுக்கோஸ். அரை கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கோகோ பவுடரை முதலில் கரைத்துக்கொண்டு பிறகு சேர்க்க வேண்டும், நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். சமையல் சிவப்புக் கலர் இரண்டு மேசைக்கரண்டி, நீலம் ஒன்றிரண்டு சொட்டு. வாயில் படாத ரத்தத்துக்கு மட்டும் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு தேக்கரண்டி. துவைத்தால் கறை சீக்கிரம் போகும். நீல வெளிச்சத்தில் இது கறுப்பாகத் தெரியும் என்பதால் இரவுக்குக் கோகோவைப் பாதியாக்குங்கள். கறுப்பு வெள்ளைப் படமென்றால் இந்தக் கவலையே இல்லை. 1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் ஓடியது சாக்லேட் சிரப்தான். சட்டை ஒவ்வொன்றிலும் மூன்று செட் வேண்டும். சர்க்கரை என்பதால் எறும்பு வரும். தரையில் பிணமாகக் கிடக்கும் நடிகரை ரொம்ப நேரம் கிடத்தாதீர்கள்.

கதையின் பருவமும் படப்பிடிப்பின் பருவமும் ஒட்டாமல் போவது இன்னொரு தொல்லை. 1973-இல் வெளியான 'த விக்கர் மேன்' வசந்த காலக் கதை. எடுத்ததோ ஸ்காட்லாந்தின் இலையுதிர் காலக் குளிரில். வாயிலிருந்து ஆவி தெரியாமலிருக்க நடிகர்கள் பேசுவதற்கு முன் வாயில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டார்கள், மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டினார்கள். வாய்க்குள் காற்று குளிர்ந்தால் ஆவி தெரியாது. ஆனால் சீக்கிரம் நாக்கு மரத்து வசனம் குழறும், ஆகவே நீள வசனத்துக்கு இது உதவாது.

கடைசியாக, நீங்கள் படம் எடுக்கப் போகும் நிஜ ஊர். அங்கே வெளியூர்க்காரர்கள் நீங்கள்தான். கதையை மறைத்து அனுமதி வாங்குவது மகா முட்டாள்தனம். ஊரைக் கொலைகார ஊராகக் காட்டப்போகிறீர்கள் என்பது மூன்றாம் நாள் எப்படியும் தெரிந்துவிடும், நாலாம் நாள் லொகேஷன் இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயர்ப்பலகை, பஸ் போர்டு, வண்டி நம்பர், கடைப் பெயர் எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று எழுதிக் கொடுங்கள். முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் படத்தை விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ராத்திரி அலறல் காட்சி இருந்தால் அன்று மாலையே வீடு வீடாகச் சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷனிலும் நேரம் குறித்துக் கொடுத்துவிடுங்கள். டம்மிக் கத்தியாக இருந்தாலும் ஷாட் முடிந்ததும் பெட்டிக்குள் போக வேண்டும். கையில் பிடித்தபடி யாரும் கடைத்தெருவில் நடக்கக் கூடாது.

படப்பிடிப்பு முடிந்து வண்டி ஏற்றும் முன், விடியற்காலை மூன்று மணிக்கு சவுண்ட்காரரை மட்டும் தெருவுக்கு அனுப்பி ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். தூரத்து நாய், எங்கோ ஒரு பம்ப் செட், தூக்கம் வராத யாரோ ஒருவரின் இருமல். கடைசிக் காட்சிக்கு அடியில் போட அதைவிட நல்லதாக எந்த சவுண்ட் லைப்ரரியிலும் கிடைக்காது.