150 கட்டு

"எது என் கட்டு, எது அவுக கட்டுன்னு நீங்களே பிரிச்சு எடுத்துக்கோங்க சார்."

உழவர் சந்தையில் வேலை பார்க்கும் என் பக்கம் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னது இது ஒன்றுதான். குரல் உயரவில்லை. கூடையில் இருந்தது சிறுகீரை. எல்லாக் கட்டும் ஒரே கனம், ஒரே மாதிரி வாழைநார் முடிச்சு, வேரில் ஒரே செம்மண். பிரிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

53 கட்டை மட்டும் கடையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சந்தைக்கு வெளியே எடுத்துப் போகச் சொன்னேன். அவருடைய விவசாயி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வயலைப் பார்த்த பிறகு தருகிறேன் என்றேன். விதிப்படி செய்தது அது. இன்று அதே கூடை வந்தாலும் அதையே செய்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைத்து முடிப்பதற்குள் அந்த வாசகம் திரும்பவும் வந்து நிற்கிறது.

53 என்ற எண் வாய்க்கு வந்த எண் இல்லை. சிறுகீரை விதைத்து 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். பாத்தி கொத்தி, எரு போட்டு, அடுத்த விதைப்புக்கு 5 நாள் ஆகும். ஆக ஒரு பாத்தி திரும்ப வர 30 நாள். நன்றாக விளைந்தால் சென்டுக்கு 40 கிலோ. அட்டையில் அவருக்குப் பதிவான நிலம் 10 சென்ட். தினமும் சந்தைக்கு வர வேண்டுமென்றால் பாத்திகளை முன்பின்னாக விதைத்து, நாளொன்றுக்கு ஒரு சென்டில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்க வேண்டும். அது 13 கிலோ சொச்சம். கட்டு கால் கிலோ என்றால் 53. அவர் கொண்டுவந்ததோ 150க்குக் கிட்டத்தட்ட, அதுவும் தினமும். உழவர் சந்தையில் வேலை பார்க்கும் யாரும் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்க முடியாது.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது அதன் ஆதாரமே ஒரே ஒரு விதிதான்: விளைவித்தவர் மட்டுமே விற்கலாம். அதற்கு முன்பே பஞ்சாபில் அப்னி மண்டியும், அதே ஆண்டு ஜனவரியில் ஆந்திராவில் ரைத்து பஜாரும் இதே விதியோடுதான் வந்தன. கடைக்கு வாடகை கிடையாது. தராசு சந்தையே தருகிறது. விலையை மொத்தச் சந்தையைவிட 20 சதவீதம் வரை கூட்டி, வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் வரை குறைத்து நிர்ணயிக்கிறோம். விடிவதற்கு முன் மொத்தச் சந்தைக்குப் போய் விலை எடுத்து வந்து, விவசாயிகளோடு பேசி, பலகையில் எழுதுகிறோம். தரகுக் கமிஷனும் ஏற்று இறக்குக் கூலியும் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிக்கிற கழிவும் இல்லாததால்தான் அந்த இடைவெளி விவசாயிக்கும் வாங்குகிறவருக்கும் பங்காகிறது. வாடகையில்லாத கடையில் வியாபாரி வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடைவெளி முழுக்க அவர் கைக்குப் போய்விடும். முதல் வாரம் ஒருவர் வருவார். மூன்றாம் மாதம் உண்மையான விவசாயிக்கு உட்கார இடமிருக்காது.

அவர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. சொந்தத் தோட்டத்துக் கத்தரி கூடையில் மூன்று அளவில் இருக்கும், காம்பு பச்சையாக இருக்கும். மண்டியில் எடுத்தது ஒரே தரமாக, காம்பு கறுத்து வரும். கத்தரியை ஒரே செடியில் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் பறிக்க முடியும். 20 சென்ட் காட்டிவிட்டு தினமும் 50 கிலோ கொண்டுவந்தால் அது தோட்டத்திலிருந்து வரவில்லை. வெண்டையை ஒரு நாள் தாமதித்துப் பறித்தாலும் நுனி ஒடியாது, வளையும். அப்படி முற்றியது கொஞ்சமாவது கலந்து வந்தால் தோட்டக்காரர் என்று நம்பலாம். கீரை மட்டும் இந்தச் சோதனைக்கு உட்படாது. எல்லாக் கீரையும் நேற்று மாலை பிடுங்கியதுதான். அதனால்தான் கீரைக்குக் கண்ணை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஒருவர் பிடிபடும்போது சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "எங்க ஊர்ச் சரக்குதான் சார்." மண்டிக் கத்தரியை மூன்று சாக்கில் கொண்டுவந்தவரும் அதைத்தான் சொன்னார். அந்த அம்மாவும் அதையேதான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அந்த நிமிடத்தில் நான் எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்வியில் எனக்கு ஒரு நியாயம் இருப்பதாகத்தான் இன்னும் படுகிறது.

வயலுக்குப் போனபோது அந்த நியாயம் பாதியாகிவிட்டது. டேப் பிடித்து அளந்தேன். அவருடையது 10 சென்ட், அட்டையில் உள்ளபடியே. அதை ஒட்டி நாலு பேருடைய துண்டுகள்: 5, 4, 6, 3. மொத்தம் 18 சென்ட். அதே கணக்கில் நாளைக்கு 24 கிலோ, 96 கட்டு. அவருடைய 53ஐக் கூட்டினால் 149. வெளியிலிருந்து ஒரு கட்டு கூட வரவில்லை. என் கணக்கு சரி. அவர் சொன்னதும் சரி.

அந்த நாலு பெண்களுக்கும் அட்டை கிடையாது. ஒரு துண்டின் சிட்டா, அதாவது நில உரிமைப் பதிவு, மாமனார் பெயரில். இரண்டு துண்டு, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுவது, நிலக்காரர் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். இன்னொன்றுக்கு, சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பயிரே ஏறவில்லை. அட்டை இருந்தாலும் அவர்களால் வர முடியாது. விடிகாலை 4 மணிக்குக் கிளம்பிவிட்டால் மாடு கறக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் ஆளில்லை. 3 சென்டில் நாளைக்கு 16 கட்டு வரும். அதற்காக ஒரு காலை முழுவதையும் யாரும் சந்தையில் உட்கார்ந்து கழிக்க முடியாது. சாயங்காலம் ஐந்து பேரும் அந்த அம்மாவின் கிணற்றடியில் கூடி, வேரை அலசி, கட்டுகிறார்கள். அலசியதும் அடுக்குவதில்லை. தண்ணீர் வடியும்வரை சாய்த்து வைக்கிறார்கள். ஈரத்தோடு நெருக்கி அடுக்கினால் இரவில் நடுக்கூடை சூடேறி, காலையில் இலை மஞ்சளாகி வழவழத்துவிடும். வேர் கீழே, இலை மேலே, கூடையில் நிற்க வைத்து ஈரச்சாக்கு மூடுகிறார்கள். கை பழகிய வேலை. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் பாத்தியையும் மற்றவர்கள் பிடுங்கிவிடுகிறார்கள்.

கட்டுக்குப் பலகை விலை 10 ரூபாய். 9 ரூபாயைப் பிரித்துக் கொடுத்துவிட்டு 1 ரூபாயை அவர் எடுத்துக்கொள்கிறார். ஊருக்கே வந்து எடுக்கும் வியாபாரி கொடுப்பது 5.

அந்த 1 ரூபாயில்தான் என் மனம் முட்டிக்கொண்டு நிற்கிறது. 96 கட்டுக்கு 96 ரூபாய். அடுத்தவர் சரக்கை விற்று அதில் ஒரு பங்கு எடுத்தால் அதற்குப் பெயர் வியாபாரம். போக்குவரத்துச் செலவு என்றும் சொல்ல முடியாது. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியானால் அது எதற்கு? மூன்றரைக்கு எழுந்ததற்கு. விற்காமல் நின்ற கட்டை அவரே பொறுத்துக்கொள்வதற்கு. மழை நாளில் 40 கட்டு நின்றுபோனாலும் மற்றவர்களுக்கு 9 ரூபாய் கணக்கு குறையாது என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். இதை வியாபாரம் என்றால் வியாபாரம்தான். ஆனால் அந்த விதி தடுக்க நினைத்தது இதைத்தானா என்று எனக்குத் தெளிவில்லை.

இன்னொன்றும் பிறகுதான் பிடிபட்டது. சந்தைக்குப் பக்கத்தில் மெஸ் நடத்துகிறவர் தினமும் ஆறு மணிக்கு அவரிடம் 30 கட்டு எடுப்பார். 53 கட்டுக்காரர் ஒருவருக்கே 30 கொடுத்துவிட்டால் நடைப்பயிற்சி முடித்து ஏழு மணிக்கு வரும் வாடிக்கைக்காரர்களுக்கு என்ன கொடுப்பார்? 150 இருந்ததால்தான் மெஸ்ஸுக்கும் கொடுக்க முடிந்தது, ஒற்றைக் கட்டு வாங்குகிறவருக்கும் கிடைத்தது. இப்போது அந்த மெஸ்காரர் கமிஷன் கடைக்குப் போகிறார். ஐந்து துண்டு நிலமும் ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தன. நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர அந்த இணைப்பைப் பார்க்கவில்லை.

குழுவாகச் சேர வழியில்லாமல் இல்லை. கூட்டுப்பண்ணையத் திட்டத்தில் 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு, அப்படி 5 குழு சேர்ந்து 100 பேரானால் உற்பத்தியாளர் குழு. இவர்கள் ஐந்து பேர். மொத்த நிலம் 28 சென்ட். மேலும் 15 பேரைத் தேடுங்கள் என்று நானே சொன்னேன். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று தெரிந்தது. பக்கத்து வயலையும் சேர்த்து விற்க அட்டையில் ஒரு பத்தி வைத்தால் போதும் என்றும் தோன்றுகிறது. வைத்தால் முதலில் அதை நிரப்பிக்கொண்டு வருபவர் அந்த மூன்று சாக்குக் கத்தரிக்காரராகத்தான் இருப்பார். ஒவ்வொரு பத்தியையும் வயலுக்குப் போய் அளந்து பார்க்கும் அளவுக்கு எங்களிடம் ஆளும் இல்லை.

அட்டையை வாங்க அவர் வரவில்லை. இரண்டு முறை ஆள் சொல்லி அனுப்பினேன். கீரையை இப்போது ஊருக்கு வரும் வியாபாரியிடமே போடுகிறார்கள் என்று தகவல் வந்தது.

வயலாய்வுப் படிவத்தில் 'சாகுபடிப் பரப்பு' என்ற இடத்தில் 10 சென்ட் என்று எழுதினேன். மீதி 18 சென்டை எழுத அதில் இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் 5, 4, 6, 3 என்று குறித்து, அட்டையோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.