கிளாவர் ஆஸ்

வங்கி உள்தணிக்கைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பில் கணக்குப் புத்தகம் எதையும் திறப்பதில்லை. ஓர் ஓவியத்தின் பெரிய அச்சுப் பிரதியை மேசை மீது விரித்து, அதன் இடது பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மஞ்சள் ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டு, இங்கே என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்பேன். மூன்று பேர் சீட்டாடுகிறார்கள், பணிப்பெண் ஒருத்தி மதுக் கோப்பையோடு நிற்கிறாள் என்பார்கள். கொஞ்சம் கூர்மையானவர்கள், நடுவில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகம் அசையாமல் இருக்க, விழிகள் மட்டும் பணிப்பெண் பக்கம் ஒதுங்கியிருப்பதைக் கவனித்து, இவள் சரியில்லை என்பார்கள். அதன் பிறகு ஒட்டுத்தாளை எடுப்பேன். இடது ஓரத்தில் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், இடைக்கச்சையில் செருகி வைத்திருக்கும் கிளாவர் ஆஸை எடுக்கிறான். உடனே பாதிப் பேராவது, எனக்கு முதலிலேயே தெரிந்தது என்பார்கள். அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இது ஜார்ஜ் தெ லா தூர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1630களின் தொடக்கத்தில் வரைந்தது. அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரிலுள்ள கிம்பெல் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதே காட்சியை அவர் இன்னொரு முறையும் வரைந்தார். அதில் கிளாவருக்குப் பதிலாக டைமன் ஆஸ். அந்த ஓவியம் பாரிஸின் லூவ்ரில் இருக்கிறது. 1652இல் இறந்த லா தூரின் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டு, அவருடைய படங்கள் வேறு ஓவியர்களின் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தன. ஹெர்மன் ஃபோஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1915இல்தான் அவரை மீட்டெடுக்கத் தொடங்கினார்.

நான் இந்த ஓவியத்தை நேரில் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே என் தொழிலில் ஒரு தவறு செய்திருந்தேன். ஒரு வங்கிக் கிளையில் நகைக் கடன் மறுமதிப்பீட்டுக்குப் போயிருந்தோம். வெளியூரிலிருந்து அழைத்து வந்த மதிப்பீட்டாளர் முதல் வளையலை உரைகல்லில் உரசி, அமிலச் சொட்டு விட்டுப் பார்த்தார், தங்கம்தான். ஆனால் கையில் எடுத்த கனம் அவருக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அரத்தை எடுத்து, கொக்கி சேரும் இடத்தில் நாலைந்து முறை ராவினார். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை தெரிந்தது. கெட்டியான முலாம், உள்ளே வெள்ளி. உரைகல் மேற்பரப்பைத்தான் அறியும். அன்று மாலைக்குள் அப்படிப்பட்ட பொட்டலங்கள் மேசையில் ஒரு வரிசைக்குச் சேர்ந்துவிட்டன. எல்லாமே கிளையில் 11 ஆண்டுகளாக இருந்த மதிப்பீட்டாளர் சான்றளித்தவை. கடன்கள் அவருக்கு வேண்டியவர்களின் பெயர்களில் இருந்தன. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பொறுப்பாளர்கள், முத்திரையிட்ட பைகள் எல்லாம் முறைப்படிதான் இருந்தன. பொய் உள்ளே நுழைந்த பிறகு அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கிளை மேலாளர் ஒரு பைசா எடுக்கவில்லை என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை. ஆனாலும் அறிக்கையில், 'சாதாரணக் கவனம் இருந்திருந்தாலே மேலாளர் இதைக் கண்டறிந்திருக்கலாம்' என்று எழுதினேன். எழுதும்போது அந்த வரி மிக இயல்பாக வந்தது. அவருக்கு ஊதிய உயர்வுகள் நிறுத்தப்பட்டன. நானும் அடுத்த கிளைக்குப் போய்விட்டேன்.

பின்னால் ஒரு பணிக்காகச் சில மாதங்கள் டாலஸில் தங்க நேர்ந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிம்பெலுக்குப் போனேன். உண்மையில் போனது கட்டடத்தைப் பார்க்கத்தான், அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்த லூயி கான்தான் இதையும் வடிவமைத்தவர். உள்ளே இந்த ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். வலது ஓரத்தில், பகட்டான உடையில், முன்னால் பொற்காசுகளோடு இருக்கும் இளைஞன் தன் கைச் சீட்டுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறான். மற்றவர்களுக்குள் விழியாலும் விரலாலும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு பச்சையாக ஓர் அழுகுணி ஆட்டம் நடப்பது கூடவா தெரியாது என்று. பிறகுதான் அந்த ஆஸ் யாருக்குக் காட்டப்படுகிறது என்று யோசித்தேன். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் அதை நேராகப் பார்க்கக்கூடியவர் ஒருவரும் இல்லை. அது ஏமாற்றுபவனின் முதுகுப் பக்கம், படத்துக்கு வெளியே நிற்கும் எனக்காகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஓவியர் என்னை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். அந்த இடத்தில் இளைஞனுக்கு நாற்காலி போடப்படவில்லை.

அதே அருங்காட்சியகத்தில் கரவாஜியோ சுமார் 1595இல் வரைந்த சீட்டாட்ட ஓவியமும் இருக்கிறது. அதில் கூட்டாளி ஏமாளியின் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டை எட்டிப் பார்த்து விரல்களால் சைகை காட்டுகிறான்; அவன் கையுறையின் விரல் நுனிகள் கிழிந்திருக்கின்றன. இங்கும் மறைத்த சீட்டு முதுகுப் பக்கம்தான், நம் கண்ணுக்கு எதிரேதான். 1890களில் காணாமற்போய் 1987இல் மீண்டும் கிடைத்த இந்த ஓவியத்தின் துணிக்குப் பின்புறத்தில், அதை முதலில் வாங்கிய கர்தினால் தெல் மோந்தேயின் முத்திரை இருந்தது. முகப்பை மட்டும் நம்பாமல் பின்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலிலும் உண்டு என்பதால் அந்தச் செய்தி எனக்கு அலாதியான மகிழ்ச்சி தந்தது.

கரவாஜியோவின் ஏமாளியிடம் எனக்கு இரக்கம் மட்டுமே வருகிறது. லா தூரின் இளைஞன்தான் உறுத்துகிறான். ஏனென்றால் அவன் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆட்டத்தில் ஒருவன் எதைப் பார்க்க வேண்டுமோ அதைத்தான் பார்க்கிறான். மேசையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவனின் கையையே கண்காணித்துக்கொண்டிருந்தால் அதற்கு ஆட்டம் என்று பெயரில்லை. மேலாளரும் காலையிலிருந்து மாலை வரை தன் கைச் சீட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்: வைப்பு இலக்கு, வராக்கடன், வரிசையில் காத்திருந்த ஓய்வூதியர்கள். நகையைப் பார்க்க ஒருவரை நியமித்திருப்பதே அவர் பார்க்கத் தேவையில்லை என்பதற்காகத்தான். நானோ பொட்டலங்களைப் பிரித்து, ராவி, ஆஸை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, இது உமக்குத் தெரியவில்லையா என்று கேட்டிருந்தேன்.

இப்போது எந்தக் கிளைக்குப் போனாலும், கோப்புகளைக் கேட்பதற்கு முன் மேலாளரின் அனுமதியோடு அவருடைய நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்காருகிறேன். அங்கிருந்து மதிப்பீட்டாளரின் மேசை தெரிகிறதா, தராசின் எண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன, பை முத்திரையிடப்படும்போது இடையில் தூண் ஏதும் மறைக்கிறதா என்று குறிப்பேட்டில் ஒரு கோட்டுப்படம் போட்டுக்கொள்கிறேன். அன்றைய கிளையையும் நினைவிலிருந்து ஒருமுறை அப்படி வரைந்து பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் மேலாளர்; வெளியே மதிப்பீட்டாளர், உரைகல்லும் தராசும் தன் மடிப்பக்கம் இருக்க, அவருக்கு முதுகு காட்டியபடி.