அண்ணனோட இன்சூரன்ஸ் பணமும் அம்மாவோட மெடிகெய்டும்

போன வருஷம் எங்க அண்ணன் தவறிட்டார், ஹார்ட் அட்டாக், 51 வயசு. காரியம் முடிஞ்ச கையோட ஆரம்பிச்ச அலைச்சல் ஏழு மாசம் ஓடுச்சு, நடுவுல நான் ஒரு பெரிய தப்பு பண்ணப் பாத்தேன், அதனாலதான் எழுதுறேன்.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சி. அம்மாக்கு சிட்டிசன்ஷிப் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, ஸ்ட்ரோக் வந்தப்புறம் வீட்ல வச்சுப் பாத்துக்க முடியல, நர்சிங் ஹோம்ல இருக்காங்க. மாசம் 12,000 டாலருக்கு மேல ஆகும், கட்டறது மெடிகெய்ட், வசதி கம்மியா இருக்கறவங்களுக்கு அரசாங்கம் தர்ற மருத்துவ உதவி. அதுல இருக்கணும்னா அவங்க பேர்ல 2,000 டாலருக்கு மேல இருக்கக் கூடாது. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது, இல்ல தெரிஞ்சும் யோசிக்கல. ஆபீஸ் குரூப் லைஃப் இன்சூரன்ஸ் 50,000 டாலர், அத அம்மா பேர்ல எழுதி வச்சிருந்தார்.

அது மட்டும்னா பரவால்ல. டிவோர்ஸுக்கு முன்னாடி குடுத்த பழைய ஃபார்ம்ல அண்ணி பேர் இருந்துச்சு, அம்மா பேர மாத்தினது பின்னாடி ஆபீஸ் போர்ட்டல்ல. ரெண்டு பேர் கிளெய்மும் போய் நின்னுச்சு. அண்ணிய நான் குத்தம் சொல்ல மாட்டேன், பொண்ணு காலேஜ் போற வயசு, அவங்க கையில இருந்தது அந்தப் பழைய பேப்பர்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க யார் பக்கமும் பேசல, நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரலேன்னா பணத்த கோர்ட்ல கட்டிட்டு நாங்க ஒதுங்கிடுவோம்னு லெட்டர் போட்டாங்க. இதுக்கு இன்டர்ப்ளீடர்னு பேராம். அப்படிப் போனா ரெண்டு பக்கமும் வக்கீல் ஃபீஸ்லயே பாதி கரைஞ்சிடும்.

டிவோர்ஸ் ஆனா பழைய நாமினேஷன் தானா ரத்தாகிடும்னு நெனச்சேன். நியூ ஜெர்சி சட்டம் அப்படித்தான் சொல்லுது. ஆனா ஆபீஸ் மூலமா எடுத்த பாலிசிக்கு எரிசான்னு 1974 ஃபெடரல் சட்டம் இருக்கு, ஸ்டேட் சட்டம் அதுக்கு முன்னாடி நிக்காது. 2001ல சுப்ரீம் கோர்ட் எகல்ஹாஃப் கேஸ்ல இதத்தான் சொல்லிச்சு, டிவோர்ஸ் ஆகி ரெண்டே மாசத்துல ஒருத்தர் இறந்துட்டார், ஃபார்ம்ல பேர் இருந்த முன்னாள் மனைவிக்கே பணம் போச்சு. ஆக எங்களுக்கு எல்லாமே அந்தப் போர்ட்டல்ல பண்ண மாத்தம் சரியா பதிவாச்சான்னு தான். ஹெச்ஆர்க்கு தினமும் போன், கடைசில அவங்க தேடி எடுத்துக் குடுத்த ஒரே ஒரு பக்கம், தேதி, நேரம், அம்மா பேர், 100 பர்சென்ட், கீழ கன்ஃபர்ம்ட்னு. அத அண்ணிக்கு நானே கொண்டு போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க, மறுவாரம் கிளெய்ம வாபஸ் வாங்கிட்டாங்க.

அன்னைக்கு நைட்டு தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. இந்தப் பணம் வேண்டாம்னு அம்மா எழுதிக் குடுத்துட்டா அது பேத்திக்குப் போகும், மெடிகெய்டும் தப்பிக்கும், அண்ணிக்கும் ஒரு ஆறுதல். ஃபார்ம் கூட டவுன்லோட் பண்ணிட்டேன். நல்ல வேளை, முதியோர் விஷயம் பாக்கற ஒரு லாயர்கிட்ட முன்னாடியே அப்பாயின்ட்மென்ட் இருந்துச்சு. அந்தம்மா கேட்ட உடனே கைய நீட்டி நிறுத்தினாங்க. கைக்கு வரவேண்டிய பணத்த வேண்டாம்னு சொன்னா மெடிகெய்ட் கணக்குல அது தானம் குடுத்ததுக்குச் சமம், அஞ்சு வருஷத்துக்குள்ள குடுத்தது எல்லாத்தையும் பாப்பாங்க, 50,000 டாலர ஸ்டேட்டோட ஒரு நாள் நர்சிங் ஹோம் ரேட்டால வகுத்து அத்தன நாளைக்கு ஒரு பைசா தர மாட்டாங்க. பணமும் போயிருக்கும், கவரேஜும் போயிருக்கும், அம்மாவ எங்க கொண்டு போய் வச்சிருப்பேன்னு நெனச்சா இப்பவும் வயித்த பெசையுது.

அவங்க சொன்ன வழி, மறைக்காம வாங்கு, பத்து நாளுக்குள்ள மெடிகெய்ட் பாக்கற கவுண்டி ஆபீஸுக்குச் சொல்லு, அம்மாக்கே செலவு பண்ணு. வந்த மாசம் அது வருமானம், அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி மிச்சம் இருக்கறது சொத்து. அதனால செக் மாசக் கடைசில வராம ஆரம்பத்துலயே வர்ற மாதிரி கேட்டு வாங்கினோம். அம்மா தமிழ்லதான் கையெழுத்துப் போடுவாங்க, கம்பெனில இது மேட்ச் ஆகலன்னு ஒரு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க, பவர் ஆஃப் அட்டர்னிய நோட்டரியோட மறுபடி அனுப்ப வேண்டியதாச்சு. ஸ்ட்ரோக் வந்த கையால அம்மா ஒவ்வொரு எழுத்தா கோணலா எழுதினத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அது மேட்ச் ஆகலயாம்.

பணத்துல லாயர் ஃபீஸ், அம்மாவோட கடைசிக் காரியத்துக்குன்னு முன்னாடியே போட்டு வைக்கற, திரும்ப எடுக்க முடியாத ஃபியூனரல் ட்ரஸ்ட், பல் செட், ஹியரிங் எய்ட் போக மிச்சம் நர்சிங் ஹோமுக்கே பிரைவேட்டா கட்டினோம், மூணு மாசம் கூட தாங்கல. அது தீர்ந்ததும் மறுபடி மெடிகெய்டுக்கு அப்ளிகேஷன், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வச்சு.

ஹியரிங் எய்ட் மாட்டின அன்னைக்கு அம்மா இது எவ்ளோன்னு கேட்டாங்க, சொன்னேன். பெரியவன் காசான்னு கேட்டாங்க. ஆமாம்மான்னேன். கழட்டி முந்தானையால தொடச்சு டப்பாக்குள்ள வச்சுட்டாங்க, அப்புறம் நர்ஸ் வந்து சொன்னப்புறம் தான் மறுபடி மாட்டிக்கிட்டாங்க. அப்ரூவல் லெட்டர் அதுக்கு ஆறு வாரம் கழிச்சு வந்துச்சு.