1968இல், 1968-ல், 1968 இல்

பார்வை நூலை யாரும் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. எதையோ தேடி வருவார்கள், ஒரு பதிவைப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் இன்னொரு பதிவோடு ஒப்பிடுவார்கள், போய்விடுவார்கள். கலைக்களஞ்சியப் பதிவுகளைச் செம்மையாக்கும் வேலைக்கு வந்த பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். கமா, புள்ளி, எண் பற்றி அங்கே நாங்கள் போட்ட சண்டைகள் எல்லாம் இதிலிருந்து கிளம்பியவை.

கதை படிக்கிறவர் ஓரிடத்தில் 'பன்னிரண்டு' என்றும் இன்னோரிடத்தில் '12' என்றும் பார்த்தால் கண்டுகொள்ள மாட்டார். பார்வை நூலில் அப்படி விட முடியாது. ஒருவரின் பிறப்பைப் பற்றி ஒரு பதிவில் 'சுமார் 1850', அடுத்ததில் '1850 அளவில்', வேறொன்றில் '1850களில்' என்று இருந்தால், வாசகர் மூன்றையும் மூன்று செய்திகளாகத்தான் எடுத்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்? எழுதியவர்கள் மூன்று பேர், ஆளுக்கொரு பழக்கம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? '1850களில்' என்றால் 1850 முதல் 1859 வரை ஏதோ ஓர் ஆண்டு. 'சுமார் 1850' என்றால் 1847ஆகவும் இருக்கலாம். இந்த இரண்டும் உண்மையிலேயே வேறு. 'அளவில்' என்பதுதான் வேண்டாத மூன்றாவது ஆள். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரே சீராக எழுதுவது அழகுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பொருளற்ற வேறுபாடுகளைக் களைந்தால்தான் பொருளுள்ள வேறுபாடு கண்ணில் படும், அதற்காகத்தான் இந்தப் பாடு.

தமிழில் இந்த வேலை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால். காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி எல்லாம் அச்சோடு வந்து உரைநடையோடு வளர்ந்தவை. ஆங்கிலத்தில் ஆக்ஸ்போர்டு அச்சகம் தன் அச்சுக்கோப்பாளர்களுக்காக 1893இலேயே ஒரு விதிப் புத்தகம் போட்டது. சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு 1906இல் வந்தது. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட அப்படியொரு கையேடு இல்லாததால், ஒவ்வொரு பதிப்புக் குழுவும் தன் கையேட்டைத் தானே எழுதிக்கொள்கிறது. எழுதும்போது முதலில் வெடிக்கும் சண்டை எது தெரியுமா? ஆண்டுக்குப் பின்னால் வரும் வேற்றுமை உருபு.

1968இல், 1968-இல், 1968 இல், 1968ல், 1968-ல். ஐந்தும் எங்களுக்கு வந்த கைப்பிரதிகளில் உண்டு. இலக்கணம் தெரிந்தவர்கள் 'ல்' பேச்சு வழக்கு என்றார்கள். பக்க வடிவமைப்பாளர், இடைவெளி விட்டால் வரி முடியும் இடத்தில் ஆண்டு மேலேயும் 'இல்' கீழேயுமாகப் பிரிந்துவிடும் என்றார். சிறுகோடு போட்டால் '1954-68-இல்' என்று கோட்டுக்குப் பின் கோடு வந்து, எது காலவரம்பு, எது இணைப்பு என்று குழப்பும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒட்டி எழுதுவது என்று முடிவானது. '5ஆம் நூற்றாண்டு' என்பதற்கும் அதே விதி. சொல்லப்போனால் ஐந்தில் எதை எடுத்திருந்தாலும் ஆண்டின் பொருள் மாறியிருக்காது. ஆனால் ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தால் மின்பதிப்பின் தேடுபெட்டியில் ஐந்தையும் தனித்தனியாகத் தட்ட வேண்டியிருந்திருக்கும்.

காலவரம்புக்கான கோட்டை நீளக் கோடாகவே வைத்துக்கொண்டோம். அதிலும் ஓர் இடைஞ்சல் உண்டு. வெப்பநிலை −5 முதல் 10 டிகிரி வரை என்பதைக் கோடு போட்டு எழுதினால் எது கழித்தல் குறி, எது வரம்பு என்றே தெரியாது. எதிர்ம எண் வரும் இடத்தில் 'முதல்... வரை' என்று எழுத்தால் எழுதச் சொல்லிவிட்டோம். கி.மு. ஆண்டுகளில் வரம்பு பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்கும் என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. 'கி.மு. 300–200' என்பதை யாராவது பிழை என்று நினைத்து மாற்றிப் போட்டுவிடக் கூடாது அல்லவா?

எண்ணை எழுத்தால் எழுதுவதா, இலக்கத்தால் எழுதுவதா என்பது அடுத்தது. சிகாகோ கையேட்டின் பொது விதிப்படி நூறு வரை எழுத்தால் எழுதலாம். தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் 'தொண்ணூற்றொன்பது' போன்றவை வரியை அடைத்துக்கொள்ளும். அதனால் பத்து வரை எழுத்தால், மேலே இலக்கத்தால் என்று வைத்தோம். அளவு, தேதி, வயது, விழுக்காடு ஆகியவை எப்போதும் இலக்கம். இதில் யாரும் எதிர்பாராத ஒரு வேலை முளைத்தது, ஒற்று. ஒன்று முதல் பத்து வரையான எண்களில் எட்டுக்கும் பத்துக்கும் பின்னால் மட்டும் வல்லினம் மிகும். ஐந்து பேர், ஏழு பேர், ஆனால் எட்டுப் பேர், பத்துப் பேர். '8 பேர்' என்று இலக்கத்தில் இருந்தபோது அந்த 'ப்' எங்கும் இல்லை. ஆகவே இலக்கத்தை எழுத்தாக்கும் வேலையைக் கணினியிடம் கொடுத்தால் ஒற்றில்லாத எட்டுகளும் பத்துகளும் நூல் முழுக்கப் பரவிவிடும். இதை ஆள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

பெரிய எண்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. இந்தியத் தமிழ் வாசகருக்கு லட்சமும் கோடியும்தான் பழக்கம். இலங்கை வாசகருக்கு மில்லியன் என்றால்தான் சட்டென்று பிடிபடும். கமா போடும் இடமும் அதோடு சேர்ந்து நகர்கிறது: 12,34,567 ஒரு முறை, 1,234,567 இன்னொரு முறை. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் பார்ப்பவர் எண்ணின் நீளத்தைக் கண்ணால் அளக்கும்போது ஏமாந்துபோவார். நாங்கள் லட்சம், கோடி என்று போனோம். இலங்கை வாசகருக்கு இது அநியாயம்தான், அதை மறைக்கவில்லை. முன்னுரைப் பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணை ஒன்றைச் சேர்த்தோம். பில்லியன் தனிக்கதை. பிரிட்டனில் அது ஒரு காலத்தில் மில்லியன் மில்லியனைக் குறித்தது. 1974இல் அரசு தன் புள்ளிவிவரங்களில் ஆயிரம் மில்லியன் என்ற பொருளுக்கு மாறிக்கொண்டது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூல் ஒன்றிலிருந்து எண்ணை எடுக்கும்போது, நூறு கோடி என்று கையை வைப்பதற்கு முன் அந்த நூல் எந்தப் பில்லியனைச் சொல்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

தசமக் குறியும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய மூலங்கள் பலவற்றில் கமாதான் தசமக் குறி, புள்ளி ஆயிரங்களைப் பிரிக்கும். அங்கே 1.234 என்றால் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு. எடைகள் மற்றும் அளவைகளுக்கான பொது மாநாடு 2003இல் புள்ளி, கமா இரண்டில் எதையும் தசமக் குறியாக வைத்துக்கொள்ளலாம் என்றது. மும்மூன்று இலக்கமாகப் பிரிக்கும் இடைவெளியில் மட்டும் இரண்டும் வரக்கூடாது, வெற்றிடம்தான் விட வேண்டும் என்பதையும் மறுபடி உறுதிசெய்தது. அறிவியலுக்கு நல்ல விதி. பொது வாசகருக்கான தமிழ் நூலில் 12 34 567 என்று போட்டால் தொலைபேசி எண் என்று நினைப்பார்கள். நாங்கள் கமாவைக் கைவிடவில்லை.

என் அனுபவத்தில் மிக அதிக நேரம் பேசவேண்டி வந்தது சுழியைப் பற்றித்தான். புவியியல் சார்ந்த ஒரு பதிவில் அளவீட்டு அட்டவணை ஒன்று வந்தது. ஒரு வரியில் 2.50, அடுத்ததில் 2.5, அப்புறம் 3. செம்மையாக்கிய நண்பர் 'தேவையற்ற சுழியை நீக்குக' என்ற விதியை நம்பி 2.50ஐ 2.5 ஆக்கினார். அச்சுக்கு முந்தைய மெய்ப்பைப் பார்த்த கட்டுரையாளர் தொலைபேசியில் வந்துவிட்டார். "ஐயா, அந்தச் சுழிக்காகத்தான் நான் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தேன்" என்றார். அவர் சொன்னது சரி. 2.50 என்றால் நூறில் ஒரு பங்கு வரை அளந்தாயிற்று என்று பொருள். 2.5 என்றால் பத்தில் ஒரு பங்கோடு நின்றுவிட்டது. அந்தச் சுழி எவ்வளவு நுட்பமாக அளந்தார்கள் என்ற செய்தியைச் சுமந்துகொண்டிருந்தது. நேர்மாறாக, வரிசை அழகாக வரட்டும் என்று 3ஐ 3.00 ஆக்கினால் அது இன்னும் மோசம், யாரும் அளக்காததை அளந்ததாகச் சொல்வது. அதற்குப் பிறகு அட்டவணைகளில் எண்களைத் தசமப் புள்ளி நேர்க்கோட்டில் வரும்படி அடுக்குவோம், சுழியைத் தொடமாட்டோம்.

இதன் அண்ணன் தம்பி ஒருவர் உண்டு, அலகு மாற்றம். ஆங்கில மூலத்தில் 'சுமார் முப்பது லட்சம் மைல்' என்று இருக்கும். மொழிபெயர்ப்பாளர் கணிப்பொறியில் பெருக்கி '48,28,032 கி.மீ.' என்று எழுதியிருப்பார். பெருக்கலில் குற்றமில்லை. ஆனால் மூலம் ஓர் உத்தேசத்தைச் சொன்னது, மொழிபெயர்ப்போ கடைசி கிலோமீட்டர் வரை சத்தியம் செய்கிறது. 'சுமார் 48 லட்சம் கி.மீ.' போதும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லை தமிழுக்கு இல்லை என்று முதலில் எல்லோரும் மகிழ்வார்கள். இல்லாததால் வரும் தொல்லை வேறு. ரோமன் எழுத்தில் அலகுகளை எழுதும்போது பெரிய 'எம்' என்றால் மெகா, சிறிய 'எம்' என்றால் மில்லி. இரண்டுக்கும் இடையில் நூறு கோடி மடங்கு. லிட்டரின் சிறிய 'எல்' எழுத்தை ஒன்று என்ற எண்ணிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பதால் 1979இல் பெரிய எழுத்தையும் அனுமதித்தார்கள். தமிழில் இந்தக் கருவி இல்லை. 'மி.' என்று சுருக்கினால் அது மில்லியா, மில்லியனா? ஆகவே மெகாவாட், மில்லிவாட் என்று முழுதாக எழுதுகிறோம். சுருக்கத்தை கி.மீ., மி.மீ., கி.கி. போன்ற பழகிய சிலவற்றோடு நிறுத்திக்கொண்டோம். உயிரினங்களின் அறிவியல் பெயரில் பேரினம் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினம் சிறிய எழுத்தில். ஹோமோ சேப்பியன்ஸ் என்று எழுதினால் அந்த அடையாளம் போய்விடுகிறது. சாய்வெழுத்தில் போடலாம் என்றார்கள். தமிழ் எழுத்துருவைச் சாய்த்தால் அது காற்றில் விழப்போகும் வேலி மாதிரி இருக்கிறது. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒற்றை மேற்கோள்குறிக்குள் போட்டோம். தலைச்சொல்லில் பெயர் மோதும்போது அடைப்புக்குறிதான் கைகொடுக்கிறது: வெள்ளி (கோள்), வெள்ளி (உலோகம்). அடைப்புக்குள் எப்போதும் பொருளின் வகை மட்டும். ஒன்றில் வகை, இன்னொன்றில் ஊர், மற்றொன்றில் ஆண்டு என்று கலந்தால் நூலின் கடைசியில் வரும் சொல்லடைவின் அகரவரிசை நாசமாகிவிடும்.

வரிசை என்றதும் கணினியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஔ' என்ற எழுத்தைப் பலர் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டுகிறார்கள். பல எழுத்துருக்களில் ஔவையாருக்கும் ஒளவையாருக்கும் கண்ணால் வேறுபாடு தெரியாது. ஆனால் அகரவரிசையில் ஒருவர் ஓகாரத்துக்குப் பின்னாலும் இன்னொருவர் ஒகர வரிசைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். 'ஸ்ரீ'யிலும் இப்படித்தான், யூனிகோடில் அதை இரண்டு விதமாகக் கோக்க முடியும். மெய்ப்புத் திருத்துகிறவர் கண்ணில் படவே படாத சீர்மைக்கேடு இது. சொல்லடைவு தயாராகும்போதுதான் வெளியே வரும். வரிசைப்படுத்துவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரு நிரலில் ஓட்டி இவற்றைப் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

கமாவைப் பற்றி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. 'சேரரும், சோழரும், பாண்டியரும்' என்று எழுதுகிறார்கள். 'உம்' ஏற்கனவே அந்த வேலையைச் செய்துவிட்டது. கமா அங்கே சும்மா நிற்கிறது. எடுத்துவிடலாம்.

இத்தனை விதிகளும் கைக்கு வந்தபின் வருகிற ஆபத்து, எல்லாவற்றையும் சீராக்கிவிடும் வேகம். மேற்கோள்களை நாங்கள் தொடுவதில்லை. பழைய நூலில் 'இலக்ஷம்' என்று இருந்தால் மேற்கோளிலும் 'இலக்ஷம்'தான், எங்கள் கையேடு 'லட்சம்' என்று சொன்னாலும். நூல் தலைப்புகளும் அப்படியே. செய்யுளில் இன்னும் கவனம் வேண்டும். மூலச் சுவடியில் கமாவே கிடையாது. பதிப்பாசிரியர் ஒருவர் ஓரிடத்தில் கமா போட்டால் அது அவர் செய்த பொருள்கொள்ளல். வேறொரு பதிப்பாசிரியர் அதை ஒரு சொல் தள்ளிப் போட்டிருப்பார், அங்கே அடைமொழி வேறு பெயருக்குப் போய்விடும். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்று குறித்துவிட்டு, அந்தப் பதிப்பில் இருந்தபடியே கொடுக்கிறோம். ஒரே பாட்டு இரண்டு பதிவுகளில் இரண்டு விதமாகக் கமா போடப்பட்டிருந்தால் புதிதாக வரும் உதவியாசிரியர்கள் உடனே ஒன்றாக்கப் பார்ப்பார்கள். ஓரத்தில் பென்சிலால் 'உள்ளபடியே விடுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன்.